செல்லத்தின் முகமும் கமலநாயகியின் கிறீமும்

“அன்ரி, அந்தக் கிறீம் வந்த மட்டைப்பெட்டியை ஒருக்காக் காட்டுங்கோ.”

தக்சாயினி இதைச் சத்தமாகத்தான் கேட்டாள். அன்ரனிற்றா வீட்டு வரவேற்பறையில் சோபா, கதிரை, யன்னல் விளிம்பு என்று கிடைத்த இடமெல்லாம் குந்தியிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. றோல்ஸ் தின்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன. யன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி போட்டிருந்த தனிக் கதிரையில் அவளுடைய அம்மா செல்லம் இருந்தாள். அவள் மகளைப் பார்த்துக் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். வேண்டாம் என்று அர்த்தம்.

வேண்டாம் என்று ட்ராமில் வரும்போதே சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். “வாறதெண்டால் வா. தின், சிரி, போ. கமலநாயகி அக்காவிட்டை அந்தப் பெட்டியை மட்டும் கேட்டிடாதை. அவவைக் கேள்வி கேக்கிற இடத்திலை நாங்கள் இல்லை.”

கமலநாயகியைக் கேள்வி கேட்கிற இடத்தில் ஜேர்மனியின் இந்தக் கொலோன் நகரத்தில் எந்தத் தமிழ்ச் சனமும் இல்லை. எண்பதுகளில் வந்து இறங்கிய சனத்துக்கு அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவள் அவள். ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு கத்தியவர்களுக்கும், வீட்டுக்காரனோடு வாடகைச் சண்டை பிடித்தவர்களுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனவர்களுக்கும் அவளுடைய வாய்தான் வாய். இப்போது சனம் இந்த நாட்டு டொச் பாஷையைப் பழகிவிட்டது. பிள்ளைகள் தாய்தகப்பனை விட நன்றாகக் கதைக்கிறார்கள். வாய்க்கு வேலை குறைந்தது. அவள் கிறீம் விற்கத் தொடங்கினாள்.

யௌவனா என்று பெயர். முகச்சுருக்கத்துக்கு. சனிக்கிழமைகளில் யாராவது ஒருத்தி வீட்டில் தேத்தண்ணியும் பலகாரமும் போட்டுப் பெண்களைக் கூப்பிடுவாள். கமலநாயகி பையோடு வருவாள். செல்லம் அந்தக் கதிரையில் இருப்பாள். குப்பியை விற்றவுடனேயே கமலநாயகி அது வந்த பெட்டியைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். “உங்களுக்கேன் குப்பை பிரிக்கிற கரைச்சல்? மட்டை நீலத் தொட்டிக்கை, பொலித்தீன் மஞ்சளுக்கை. மாறிப் போட்டால் கீழ்வீட்டுக் கிழவி கதவிலை வந்து தட்டும். நான் கொண்டுபோய்ப் போடுறன்.” என்ன ஒரு மனுசி, குப்பையைக்கூடச் சுமந்துகொண்டு போகிறாளே என்று சனம் நெகிழ்ந்துபோனது. ஒரு பெட்டிகூட எவள் வீட்டிலும் தங்கியதில்லை.

தக்சாயினி நெகிழவில்லை. நகரத்துக்கு வெளியே ஷாம்பூவும் கிறீமும் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. உள்ளே என்னென்ன கிடக்கிறது என்ற விபரத்தைப் பெட்டியில் போட்டால் போதும், குப்பியில் போடத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் பெட்டி போனால் விபரமும் போய்விடும்.

கமலநாயகி சிரித்தாள். “பெட்டியோ? பெட்டியைப் பூசுறேல்லைப் பிள்ளை. உள்ளுக்கை இருக்கிறதைத்தான் பூசுறது.”

பெண்கள் சிரித்தார்கள்.

“உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பெட்டியிலைதான் போட்டிருக்கும்.”

“ஏன், எனக்கு வாய் இல்லையே? கேளும், சொல்லுறன். குங்குமப்பூ. சுத்தத் தங்கத்தூள். சுருக்கத்துக்கு விற்றமின் ஏ. எல்லாம் சுவிஸ்காரன்ரை ஆய்வுகூடத்திலை அரைச்சது.”

“உங்கடை வாயை நான் நாலாம் வகுப்பிலையே கேட்டிட்டன் அன்ரி.”

கமலநாயகிக்கு அது விளங்கவில்லை. ஆனால் செல்லத்துக்கு மகளின் குரல் போன போக்கு விளங்கியது. “தக்சா” என்றாள் மெதுவாக.

அப்போது தக்சாயினிக்குப் பத்து வயது. வகுப்பு ரீச்சர் தாய்தகப்பனைக் கூப்பிட்டிருந்தாள். நாலாம் வகுப்போடு இந்த நாட்டில் பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுவார்கள்: கிம்னாசியத்துக்குப் போனால் பல்கலைக்கழகம் வரைக்கும் பாதை திறந்திருக்கும், ஹவுப்ட்ஷூலேக்குப் போனால் சட்டென்று ஒரு கைவேலைக்கு. அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். கமலநாயகி நடுவில் இருந்தாள். ரீச்சர் சிரித்த முகத்தோடு சொன்னாள்: இவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி, கட்டாயம் கிம்னாசியத்துக்கு அனுப்புங்கள். கமலநாயகி தலையாட்டிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். “பிள்ளைக்கு மண்டை பாரம் தாங்காதாம். ஹவுப்ட்ஷூலேதான் நல்லதாம். ஏதும் கைவேலை பழகட்டாம்.” அதற்கு முந்தின வருசம்தான் அவளுடைய சொந்த மகள் நிருபமாவை அங்கே தள்ளியிருந்தார்கள்.

அந்த அறையில் இரண்டு பாஷையும் விளங்கிய இன்னொரு ஆள் தக்சாயினி. “ரீச்சர் அப்பிடிச் சொல்லேல்லை” என்றாள். மேசைக்குக் கீழே அம்மா தொடையில் நுள்ளினாள், தோல் கன்றிப்போகிற அளவுக்கு. பெரியாக்கள் கதைக்கேக்கை வாய் திறக்கக் கூடாதாம். அப்பா கையெழுத்துப் போட்டார். ரீச்சருக்கு முகம் வாடிப்போனது. இந்தச் சனத்துக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நினைத்திருப்பாள்.

பிறகு தக்சாயினி எல்லாவற்றையும் சுற்றுப்பாதையில் போய்த்தான் பிடித்தாள். ஹவுப்ட்ஷூலே, அதற்குப் பிறகு ஆய்வுகூட உதவியாளருக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி, வேலை முடிந்து வந்து இரவு வகுப்பு, அதற்கும் பிறகு இரசாயனத்தில் டிப்ளோம். அவர்கள் பரம்பரையில் முதல் பட்டம் அது. சுவரில் தொங்குகிறது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கிக்கொண்டு வந்தது கமலநாயகி. அந்தச் சட்டத்துக்காகவும் தக்சாயினி அவளை மன்னிக்கவில்லை.

“இந்தா பிள்ளை, என்ரை இன்னும் உடைக்கேல்லை.” யன்னலோரம் இருந்த பேர்பெச்சுவா தன் கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வெடுத்த மனுசி. சற்றுமுன்தான் காசு கொடுத்து வாங்கியிருந்தாள்; கமலநாயகி பெட்டியைத் திருப்பிக் கேட்குமுன் தக்சாயினியின் கேள்வி வந்துவிட்டது.

“அக்கா, அதை இஞ்சை தாங்கோ, நான்—” கமலநாயகி கையை நீட்டினாள்.

“காசு நான் தந்தனான். பெட்டியும் என்ரை தானே?”

பெட்டி கைமாறிவிட்டது.

தக்சாயினி வெளிச்சத்துக்குப் போனாள். எழுத்து எறும்பு எறும்பாக இருந்தது. “ஒரு சட்டம் இருக்கு. கூட இருக்கிறதை முதல் எழுதவேணும், குறைய இருக்கிறதைப் பிறகு. சரியோ? முதலாவது, அக்வா.”

“அதென்னடி, புது மூலிகையோ?” என்றாள் அன்ரனிற்றா.

“தண்ணி, அன்ரி.”

ஒருத்திக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

“ரெண்டாவது பரஃபின் எண்ணெய். பெற்றோல் எடுக்கிற அதே எண்ணெயிலை இருந்து வாறது. பயப்பிடாதையுங்கோ, சுத்தம் செய்தது, கைக்குழந்தைக்கும் பூசுறவை. மூண்டாவது கிளிசரின். பிறகு மெழுகு. பிறகு எண்ணெயும் தண்ணியும் பிரியாமல் பிடிக்கிற சாமான். இது கூடாத கிறீம் இல்லை. தோல் காயாமல் வைச்சிருக்கும். அந்தளவுதான் இதாலை ஏலும்.”

“குங்குமப்பூ எங்கை பிள்ளை?” பேர்பெச்சுவா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“வாறன். இஞ்சை பாருங்கோ, பினொக்ஸி எத்தனோல். பழுதாகாமல் இருக்கப் போடுற மருந்து. நூறு கிராம் கிறீமிலை ஒரு கிராமுக்கு மேலை போட விடமாட்டாங்கள். அப்ப அதுக்குப் பின்னாலை நிக்கிற எதுவும் ஒரு கிராமைத் தாண்டாது. இப்ப நீங்களே சொல்லுங்கோ, குங்குமப்பூ எங்கை நிக்குது?”

பேர்பெச்சுவா விரலால் தேடினாள். “பின்னாலை. வாசனைக்கும் பின்னாலை.”

“தங்கம்?”

“அது அதுக்கும் பின்னாலை.”

“விற்றமின் ஏ?”

“கடைசிக்குப் பக்கத்திலை. அப்ப இந்த மஞ்சள் நிறம்? நான் குங்குமப்பூவெண்டெல்லோ நினைச்சன்.”

“ஆகக் கடைசியிலை ஒரு நம்பர் இருக்கு. அது சாயம். லெமன் சோடாவுக்குக் கலக்கிறது.” தக்சாயினி தன் பையில் இருந்து ஒரு ரியூப்பை எடுத்து மேசையில் போட்டாள். வரும் வழியில் மருந்துச்சாமான் கடையில் வாங்கியது. “இதையும் வாசியுங்கோ. முதல் அஞ்சு பேரும் அச்சொட்டா அதுதான், அதே வரிசை. இது ஒரு ட்ராம் டிக்கெற் விலை. அது எழுபத்தொன்பது யூரோ. மிச்சக் காசு சாயத்துக்கும் பட்டுப் பைக்கும் கதைக்கும்.”

“அட கடவுளே” என்றாள் அன்ரனிற்றா. “நான் மாமிக்கும் வாங்கி அனுப்பினனான். அவவுக்கு எண்பத்திரண்டு.”

தக்சாயினி கமலநாயகியைப் பார்த்தாள். இந்தப் பார்வைக்காக அவள் எத்தனையோ காலம் காத்திருந்தாள். அந்த வாய் மற்றவர்களின் முன்னால் திக்குமுக்காட வேண்டும், தானே மொழிபெயர்க்க முடியாத ஒன்றின் முன்னால் அது திறந்தபடி நிற்க வேண்டும். 

கமலநாயகியோ ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

“படிச்ச பிள்ளை. வடிவாச் சொல்லுது” என்றாள். “எனக்கு இரசாயனம் தெரியாது. எனக்குக் கண் இருக்கு.” எழுந்துபோய்ச் செல்லத்தின் பின்னால் நின்றாள். இரண்டு கையாலும் அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள், சந்தையில் பொருளைத் திருப்பிக் காட்டுகிறமாதிரி. “இந்த முகத்திலை என்ன எழுதியிருக்கெண்டு வாசியும் பாப்பம். செல்லம், உம்மடை அட்டையைக் குடும்.”

செல்லம் மறுபேச்சில்லாமல் கைப்பையைத் திறந்து வதிவிட அட்டையை எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமைகளில் வழக்கமாகக் கொடுக்கிறதுதான்.

“பிறந்த வருசத்தைப் பாருங்கோ. நாப்பத்தாறு! இந்த முகத்துக்கு அறுபத்தொரு வயசு! கிட்ட வாங்கோ, தொட்டுப் பாருங்கோ, காசில்லை.”

அட்டை கை கையாகப் போனது. பெண்கள் எழுந்து வந்தார்கள். ஒருத்தி கன்னத்தைத் தொட்டாள், இன்னொருத்தி கண்ணுக்குக் கீழே விரலால் இழுத்துப் பார்த்தாள். “ஒரு கோடு இல்லையடி.” செல்லம் அசையாமல் இருந்தாள். அன்ரனிற்றாவின் கைகூட மறுபடியும் மெல்ல மெல்லக் குப்பிப் பக்கம் போவதைத் தக்சாயினி கண்டாள். தண்ணியாவது பரஃபினாவது, கண்ணுக்கு முன்னால் முகம் இருக்கிறதே.

அந்த முகத்துக்கு ஐம்பது வயது.

செல்லத்தை இங்கே கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போட்டில் அவளுடைய படத்தை ஒட்டிக் கொடுத்தான். அந்தப் பெண் பிறந்தது நாற்பத்தாறாம் ஆண்டு. விசாரணை அறையில் செல்லம் தன் உண்மையான வயதைத்தான் தமிழில் சொன்னாள். கமலநாயகி அவளைத் திரும்பிப் பார்த்து, “பாஸ்போட்டிலை உள்ளதையே சொல்லும், மாறிச் சொன்னால் பொய்யெண்டு அனுப்பிப்போடுவாங்கள்” என்று சொல்லிவிட்டு, அதிகாரிக்கு டொச்சில் நாற்பத்தாறு என்றாள். அன்றைக்கு அது உதவிதான். இருபது வருசத்துக்குப் பிறகு, கிறீம் பையைத் தூக்கிக்கொண்டு கமலநாயகி வீட்டுக்கு வந்தபோதுதான் அந்த உதவிக்கு வேறு வேலை வந்தது. “செல்லம், நீர் சும்மா வந்து இருந்தால் போதும். உம்மடை அந்தக் கதை எனக்கு மட்டும்தானே தெரியும்.” வேறொன்றும் அவள் சொல்லவில்லை. ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. திருப்பி அனுப்புவார்கள் என்ற சொல்லே செல்லத்துக்குப் போதுமாயிருந்தது. இரண்டு வருசமாக அவள் கதிரையில் இருக்கிறாள்.

ஒரே ஒரு வார்த்தை. ‘ஐம்பது’ என்றால் யௌவனா இந்த மேசையிலேயே செத்துவிடும். ஆனால் அந்த வார்த்தை அம்மாவின் கழுத்தில் விழும். கமலநாயகி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு. சொல்லமாட்டாய் என்று அவளுக்குத் தெரியும்.

தக்சாயினி அம்மாவின் முன்னால் முழங்காலில் இருந்தாள். “அம்மா, சொக்ஸைக் கழட்டுங்கோ.”

“என்ன விசர் உனக்கு? எழும்பு.”

அவள் கேட்கவில்லை. ஒரு காலைப் பிடித்துச் சொக்ஸை உருவினாள். குதிக்கால் காய்ந்த குளத்து நிலம்போல வெடித்துக் கிடந்தது. அதிகாலையில் அலுவலகங்கள் துடைத்த கால்.

“யௌவனா பூசினது இஞ்சைதான்” என்றாள் தக்சாயினி. “அம்மா முகத்துக்கு ஒருநாளும் பூசினதில்லை. அதின்ரை வாசம் தலையிடிக்குதாம். சும்மா குடுக்கிற குப்பியை ஏன் வீணாக்குவான் எண்டு கால்வெடிப்புக்குப் பூசுறா. ரெண்டு வருசமா. வாங்கோ, வந்து தொட்டுப் பாருங்கோ, எவ்வளவு இளமையா இருக்கெண்டு. காசில்லை.”

முதலில் பேர்பெச்சுவாதான் வெடித்துச் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது. ஒருத்தி சோபாவில் சாய்ந்து கண்ணைத் துடைத்தாள். “கமலநாயகி அக்கா, அப்ப இதை முகத்துக்கெண்டு விக்காதையுங்கோ, பாதத்துக்கெண்டு வில்லுங்கோ!” “பாதத்துக்கும் சரிவரேல்லையேடி!”

செல்லம் மட்டும் சிரிக்கவில்லை. உருவிய காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள்.

கமலநாயகியின் கழுத்து சிவந்துவிட்டது. “செல்லம்” என்றாள், சிரிப்பு அடங்குமுன்பே. “உம்மடை மகள் கழட்டத் தொடங்கிட்டா. அப்ப நானும் ஒண்டைக் கழட்டவோ? வயசைப்பற்றி ஒரு கதை இருக்கெல்லே?”

செல்லம் குனிந்து, கீழே கிடந்த சொக்ஸை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“கழட்டுங்கோ அன்ரி.” தக்சாயினி எழுந்து நின்றாள். “எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. ஆனா ஒண்டு. அந்த வயசை வைச்சுத்தானே இவ்வளவு நேரமும் கிறீம் வித்தனீங்கள்?”

கமலநாயகி வாயைத் திறந்தாள், மூடினாள். சொன்னால் தன்னுடைய கடையைத் தானே கொளுத்த வேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் தட்டியிருக்க வேண்டும்.

முதலில் வாய் திறந்தது பேர்பெச்சுவா. அட்டை அவளுடைய கையில்தான் நின்றுபோயிருந்தது. அதை ஒருமுறை பார்த்தாள், செல்லத்தை ஒருமுறை பார்த்தாள். “எனக்கு ஞானஸ்நானத்திலை ஒரு வயசு, பாஸ்போட்டிலை ஒரு வயசு” என்றாள். “ஏஜென்சிக்காரன் பெத்த பிள்ளையள்தானே நாங்கள் எல்லாரும்.”

“எங்கடை வீட்டுக் கூத்தைக் கேளுங்கோவன்” என்றாள் அன்ரனிற்றா. “என்ரை மனுசன் விஜயரத்தினம் பாஸ்போட்டின்படி அவரின்ரை தம்பிக்குத் தம்பி. ரெண்டு பேரும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போறேல்லை.”

மறுபடியும் சிரிப்பு, இந்தமுறை வேறு மாதிரி. சோபாவில் இருந்தவர்கள் ஒருத்தியின் தோளை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். பேர்பெச்சுவா அட்டையைக் கமலநாயகியிடம் கொடுக்கவில்லை. கொண்டுபோய்ச் செல்லத்தின் மடியில் வைத்தாள். பிறகு தன்னுடைய குப்பியை எடுத்துக் கமலநாயகியின் பைக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள், காசுக்கு. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள்.

கமலநாயகி எண்ணாமல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “பிள்ளை, ஒருக்காக் குசினிக்கை வாரும்” என்றாள்.

அடுப்படிக்குள் நுழைந்ததும் அவள் குசினிக் கதவைச் சாத்தினாள். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று தக்சாயினி நினைத்தாள். கமலநாயகியோ களைத்துப்போய்க் கதிரையில் இருந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

“நீர் கெட்டிக்காரி. நான் அதை மறுக்கேல்லை. இஞ்சை பாரும், ஸ்டுட்கார்ட்டிலை ஆக்கள் கேக்கினம், பாரிசிலை கேக்கினம். எனக்குத் தேவை ஒரு பேர். பெட்டியிலை தமிழிலை ஒரு வரி போடுவம்: டிப்ளோம் இஞ்சினியர் தக்சாயினி பரிசோதித்தது. எங்கடை பிள்ளை எண்டு சனம் நம்பும். நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஒரு கையெழுத்து. அம்மா இனிக் கதிரையிலை இருக்க வேண்டாம். அந்த வயசுக் கதையும் என்னோடை மண்ணுக்கை போகும்.”

“இல்லாட்டி?”

“அதுகள் இப்ப சிரிக்குங்கள். அலுவலகத்துக்காரன் சிரிக்கமாட்டான்.”

கதவு திறந்தது. செல்லம் ஒரு காலில் சொக்ஸும் மற்றக் கால் வெறுமையுமாக நின்றாள். கேட்டிருக்கிறாள்.

“ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை” என்றாள். “போட்டுவிடு. எனக்குப் பயமா இருக்கு.”

அவளுடைய படிப்புக்கு இந்த வாய் ஒருநாள் குறுக்கே நின்றது. இப்போது அதே வாய்க்கு அந்தப் படிப்புத் தேவைப்படுகிறது, சாயத்தண்ணியை விற்க. தருவதாகச் சொல்லும் கூலி, அம்மாவின் நிம்மதி.

“அண்டைக்கு ரீச்சர் என்ன சொன்னவ அன்ரி?”

“எந்த ரீச்சர்?”

“நாலாம் வகுப்பிலை. அம்மாவும் அப்பாவும் வந்திருந்தவை. நீங்கள் நடுவிலை இருந்தனீங்கள்.”

கமலநாயகி உண்மையாகவே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கித் தேடினாள். நடிப்பாக இருந்திருந்தால் தக்சாயினிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “எனக்கு எப்பிடிப் பிள்ளை ஞாபகம் இருக்கும்? நான் எத்தினை பள்ளிக்கூடம் ஏறி இறங்கியிருப்பன். எத்தினை பிள்ளையள்.”

எத்தனை பிள்ளைகள்.

“என்ன சொன்னவ ரீச்சர்?” செல்லம் கேட்டாள். கமலநாயகியைப் பார்த்தல்ல, மகளைப் பார்த்து.

“வகுப்பிலையே கெட்டிக்காரி, கிம்னாசியத்துக்கு அனுப்புங்கோ எண்டு சொன்னவ அம்மா. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தனான். நீங்கள் நுள்ளினீங்கள்.”

செல்லம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தில், பெண்கள் விரலால் இழுத்துப் பார்த்தும் ஒரு கோடு கண்டுபிடிக்க முடியாத அந்த முகத்தில், என்னென்னவோ வந்து போயின. இரவு வகுப்பு முடிந்து ட்ராம் தவறிப்போய்க் குளிரில் நடந்து வந்த பிள்ளைக்குக் கதவு திறந்தவள் அவள்தான். மண்டை பாரம் தாங்காத பிள்ளை ஏன் இப்படிக் கிடந்து முறியுது என்று புருசனிடம் அழுதவளும் அவள்தான்.

“ஏன் அக்கா?” என்றாள்.

“அது, செல்லம், அந்த நேரம் என்ரை நிருபமா வீட்டிலை அழுதுகொண்டிருந்தவள். நான் என்ன நினைச்சு என்ன சொன்னனோ—” மறந்துபோனவளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

செல்லம் வதிவிட அட்டையை இடுப்பில் சொருகினாள். அவள் குரல் உயரவில்லை. “வாற சனிக்கிழமை நான் வரமாட்டன். அதுக்கு அடுத்ததுக்கும் வரமாட்டன். அலுவலகத்துக்கு எழுதுறதெண்டால் எழுதுங்கோ அக்கா. அண்டைக்கு அந்த விசாரணை அறையிலை நான் என்ரை உண்மை வயசைத்தான் சொன்னனான். அதை மாத்திச் சொன்னது ஆரெண்டும் சேர்த்து எழுதுங்கோ.”

கமலநாயகி எழும்பவில்லை. சத்தியப்பிரமாணம் செய்து மொழிபெயர்க்கிறவள் என்று நீதிமன்றத்தில் பதிந்து வைத்திருக்கும் தன் பெயரைத்தான் நினைத்திருப்பாள். சேலைத் தலைப்பு கழுத்தோடு நின்றது.

“அம்மா, வாங்கோ போவம்” என்றாள் தக்சாயினி.

செல்லம் திரும்பி மகளைப் பார்த்தாள். “என்ரை காலை அத்தினை பேருக்கு முன்னாலை காட்டினியே. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியோ?”

சொல்லத் தக்சாயினியிடம் நியாயங்கள் இருந்தன. வேறு வழி இருக்கவில்லை, வயதைச் சொல்லாமல் காப்பாற்றத்தான், இப்போது கமலநாயகி அம்மாவை விட்டுவிட்டாள். ஆனாலும் “இல்லை” என்றாள்.

“அவவும் முகத்தைக் கேட்டுப்போட்டு எடுக்கேல்லை. நீயும் காலைக் கேட்டுப்போட்டு எடுக்கேல்லை.” செல்லம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து மற்றச் சொக்ஸைப் போடத் தொடங்கினாள். “நீ போ. நான் பேர்பெச்சுவா அக்காவோடை வாறன்.”

பக்கத்தில் இருந்து போட்டுவிடலாமா என்று தக்சாயினி ஒருகணம் நின்றாள். அம்மா நிமிரவில்லை. அவள் குசினியை விட்டு வெளியே வந்தாள்.

வரவேற்பறையில் பெண்கள் கறியும் ஏஜென்சிக்காரனும் கலந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். யௌவனா பையைச் சுற்றி ஒருத்தரும் இல்லை. அது இனித் தானாகச் சாகும். ஆளுக்கு ஆள் சொல்லி அடுத்த சனிக்கிழமைக்குள் ஸ்டுட்கார்ட் வரைக்கும் செத்துவிடும். அந்தச் சந்தோசம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. குசினியில் கேட்ட ஒரு சொல்தான் காதில் நின்றது. எத்தனை பள்ளிக்கூடம். எத்தனை பிள்ளைகள். ஒன்றிரண்டாக இருக்க முடியாது. அந்த ஒவ்வொரு பிள்ளையும் மேசைக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு பாஷையையும் கேட்டிருக்கும்.

கதவடியில் சப்பாத்துப் போடும்போது அன்ரனிற்றா ஒரு பொதியோடு ஓடி வந்தாள். “றோல்ஸ் கொண்டுபோ பிள்ளை. அப்பா தின்பார்.”

“அன்ரி, உங்கடை மகன் தாரகன் இப்ப என்ன செய்யிறார்?”

“பார்சல் வான் ஓடுறான். ஏன்?”

“அவர் நாலாம் வகுப்பு முடிக்கேக்கை ரீச்சரோடை உங்களுக்காகக் கதைச்சது ஆர்?”

“வேறை ஆர், கமலநாயகி அக்காதான். அப்ப எங்களுக்கு ஆரைத் தெரியும்?” அன்ரனிற்றா சிரித்தாள், பிறகு தக்சாயினியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “ஏன் பிள்ளை கேக்கிறாய்?”

“இரவு எனக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லுங்கோ. ரீச்சர் என்ன சொன்னவ எண்டு அவருக்கு ஞாபகம் இருக்கும். ஆண்டவனாணை ஞாபகம் இருக்கும்.”

பொதியை வாங்கிக்கொண்டு, கதவைத் தானே சாத்திவிட்டு, அவள் படியிறங்கிப் போனாள்.